விரல் வச்ச பதினெட்டுப் பேர்

வேண்டாம்மா, அந்த டேப்லெட்டை நீ பைக்குள்ளயே வச்சுக்க. உன்மேல கோவமெல்லாம் இல்ல. லிஃப்ட் நின்னு ஒன்பது நாளாச்சு, ஏழு மாடி ஏறி வந்திருக்க, முதல்ல தண்ணியைக் குடி. அந்தத் துணியைத் தள்ளிட்டு உக்காரு. ஊசி கீசி கெடக்கும், பாத்து.

இந்தக் கட்டடத்துப் பொம்பளைங்களுக்கு ஃபோனு, கம்ப்யூட்டரு எல்லாம் சொல்லித் தரப் போறீங்க, நான் ஆள் சேத்துத் தரணும். அதானே? என்னைக் கேக்கச் சொன்னது யாரு, கீழ் வீட்டு இஸ்திரிக்கார அக்காவா? இன்னும் என்னைத்தான் கைகாட்டுறா பாரு.

நாங்க ஏற்கெனவே படிச்சவங்கம்மா. ஆமா, நெசமாத்தான். முன்னாடி நாங்க எல்லாம் ஒரே தெரு. தெருக்கோடியில ஒரு சின்ன நூலகம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தம்பி வந்தான், ஏதோ சேவை அமைப்புன்னு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு. நான் வாசல்ல மெஷினைப் போட்டுத் தச்சிட்டிருப்பேன், தெருவுல எனக்குத் தெரியாம ஒரு ஈ காக்கா போவாது. அதான் நேரா எங்கிட்ட வந்தான். அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் வருவாங்கன்னான். வீடு வீடா ஏறி எறங்கிச் சொன்னேன். என்னோட சேத்துப் பதினெட்டுப் பேர், வீட்டுக்கு ஒருத்தி.

நல்லாத்தான் சொல்லிக் குடுத்தான், பொய் சொல்லக் கூடாது. எங்க பெரியம்மா ஒருத்தங்க, ஃபோனைத் தொட்டா வெடிச்சிடும்னு கையைப் பின்னால கட்டிப்பாங்க. அவங்களே பேத்திக்குப் போட்டோ அனுப்புற அளவுக்கு வந்துட்டாங்கன்னா பாத்துக்க. எம்மக வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போயி நாலு வருஷம், குரலு மட்டும்தான் கேட்டிருக்கேன். அவ முகத்தை அந்த நூலகத்துலதான் முதல்ல பாத்தேன். எளைச்சுக் கருத்துப் போயிருந்தா. மொத்தக் கூட்டமும் என் தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டி எட்டிப் பாக்குது. தம்பி அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் தொடைக்கிறான். அன்னிக்கே அவன் எனக்குக் கூடப் பொறந்தவன் ஆயிட்டான். அவன் கல்யாணத்துக்குச் சட்டை நாந்தான் தச்சேன்னா பாரேன்.

தெனமும் வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டேப்லெட்டுல கட்டைவிரலை வைக்கணும். வருகைப் பதிவாம். பச்சையா ஒரு டிக்கு வரும். பெரியம்மாவுக்கு அந்தப் பச்சையைப் பாத்தா அவ்ளோ சந்தோஷம், ரெண்டாந் தடவையும் வைக்கப் போவாங்க.

மூணு மாசத்துல வகுப்பு முடிஞ்சுது. அடுத்த மாசம் ரெண்டு ஆளுங்க வந்து செவுத்துக்குச் செவுரு நோட்டீஸ் ஒட்டுறாங்க. ரோட்டை அகலமாக்கப் போறாங்களாம், தெருக்காரங்க எடம் மாறச் சம்மதிச்சாச்சாம். யாருய்யா சம்மதிச்சதுன்னு கேட்டுச் சிரிச்சோம் நாங்க. சிரிச்சுக்கிட்டேதான் ஆபீசுக்குப் போனோம். அங்க கிளார்க்கு கம்ப்யூட்டரை எங்க பக்கமாத் திருப்பி வச்சாரு. பேரு, போட்டோ, கைரேகை, பதினெட்டு வீடும் வரிசையா. மொதல்ல நானு. இஸ்திரிக்கார அக்கா அப்படியே தரையில உக்காந்துட்டா.

தேடிப் புடிச்சுப் போனேன் அந்தத் தம்பிகிட்ட. போகாம இருப்பேனா? புது ஆபீசு, கண்ணாடிக் கதவு. உக்கார வச்சான், ஏசியைக் கொறைக்கவான்னு கேட்டான். அப்புறம் சொல்றான், எதையும் படிச்சுப் பாக்காம விரல் வைக்காதீங்கன்னு முதல் வகுப்புலயே சொன்னேனே மேடம்ங்கிறான். மேடம்! மூணு மாசம் வாய் ஓயாம அக்கா அக்கான்னவன். வீடு போனது கூட அப்புறந்தான்மா ஒறைச்சுது, அந்த மேடம்தான் மொதல்ல குத்துச்சு.

இங்க கொண்டாந்து போட்டாங்க. ஒரு பேண்ட்டைக் குட்டையாக்க ஏழு மாடி எவன் ஏறி வருவான், சொல்லு. பெரியம்மாவுக்கு முட்டி வலி. மேல வந்தவங்க எறங்கவே இல்ல. போன மாசம் உசுரு போனப்புறம்தான் நாலு பேர் நாற்காலியோட தூக்கிக்கிட்டு எறக்கினாங்க. அப்பவும் லிஃப்ட் இப்படித்தான் நின்னு கெடந்துச்சு.

நீ அப்படி இல்லேங்கிற. இருக்கலாம், உன் மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியல. எல்லாத்தையும் எழுத்துல குடுப்பீங்க, படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட இருந்து படிச்சுச் சொன்னாப் போதும், ஏமாற வேண்டியதில்லேங்கிற. சரிதான்.

அந்தப் பதினெட்டுப் பேர்லயும் ஒருத்தி இருந்தாம்மா. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். ஒரு நாளு டிக்கு வர்ற எடத்துக்கு மேல நீளமா ஏதோ எழுதியிருந்துச்சு. படிச்சேன். எடம் மாற முழுச் சம்மதம்னு இருந்துச்சு. என்ன தம்பி இதுன்னேன். எல்லா ஃபாரத்துலயும் வர்றதுதான்க்கா, வைங்கன்னான். பெரியம்மா என் மூஞ்சியைப் பாத்தாங்க. வைங்கன்னு தலையாட்டினேன். இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்னிக்கு எம்மக லைன்ல வர்ற நாளு, வாரத்துக்குப் பத்து நிமிஷந்தான் அவளுக்கு ஃபோன் குடுப்பாங்க.

இங்க யாருக்கும் தெரியாது. குழாயடியில கூடினா எல்லாரும் அவனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க. நானும் கூடச் சேந்துதான் திட்டுறேன்.