மாத்தி அடுக்கின பெட்டி

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு பெண்ணும் அவள் புருஷனின் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காதான் ஆரம்பித்தாள்.

“நான் குடுத்த கொழந்தைத் துணியெல்லாம் இத்தன வருசமா உன் வூட்டுப் பொட்டியில சும்மாதான் கெடக்குது. சின்னத் தம்பி பொண்டாட்டி முழுகாம இருக்கறா, அவளுக்குக் குடுத்துரு.”

“இப்ப முடியாதுங்க அண்ணி.”

“ஏன், எலி கடிச்சிருச்சா?”

“இல்லீங்க. நேத்துதான் எல்லாத்தையும் தொவச்சு, வேப்பெல போட்டு மாத்தி அடுக்கினேன். பொறந்த கொழந்தைக்குப் போடற சட்டையெல்லாம் மேல வெச்சிட்டேன்.”

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“என் தம்பிகிட்டச் சொல்லிட்டியா?”

“இன்னும் இல்லீங்க.”

“சரி. அவளுக்கு நான் புதுசாத் தெச்சுக் குடுத்துக்கறேன். நீ எந்திரிச்சு இந்தப் பக்கம் வா, ஜன்னலோரம் காத்து வரும்.”