சுருக்கம் விழுந்த வெள்ளை

கடலைத் திரைச்சீலையில் கட்டிவைத்த மூத்த ஓவியராம் எங்கள் தலைவர் அவர்களே, மறுப்பு எழுப்பியிருக்கும் துணைத்தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே, வாசலில் ஹாரனை விடாமல் அழுத்தும் வேன் ஓட்டுநர் அவர்களே, இந்த ஓவியச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அனைவருக்கும் என் வணக்கம்.

வேன் எதற்கு என்று பின்வரிசையில் கேட்கிறீர்கள். சொல்கிறேன். இந்தச் சுவரில் தொங்கும் ஒரு படத்தை, கண்காட்சி திறக்குமுன் கழற்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறார் துணைத்தலைவர். தலைவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அவர் சொல்லும்வரை எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆகவே பேசுகிறேன்.

படத்தைப் பாருங்கள். வெள்ளைக்குமேல் வெள்ளை, வேறு நிறமே இல்லை. தீட்டியவர் ஒரு செவிலியர். இரவெல்லாம் பிறரை உறங்கவைத்துவிட்டுப் பகலெல்லாம் உறக்கம் வராமல் புரள்பவர். அவர் புரளும் படுக்கையே படம். போர்வைத் துணியைப் பசையில் தோய்த்து, பலகைமேல் சுருக்கிச் சுருக்கி ஒட்டியிருக்கிறார். தலையணை இருக்குமிடத்தில் மணலைக் குழைத்து அப்பியிருக்கிறார். ஆள் படுத்திருக்க வேண்டிய நடுவிடம் மட்டும் கண்ணாடிபோல் வழவழப்பு. அவருக்கு இதுவே முதல் கண்காட்சி. பணி முடிந்து நேரே வந்து, முன்வரிசை ஓரத்தில் கைக்குட்டையைக் கசக்கியபடி அமர்ந்திருக்கிறார்.

நேற்றுப் படம் மாட்டிய தச்சர் அவரிடம் கேட்டார்: "ஏம்மா, அயர்ன் பண்ண நேரமில்லையா?"

"தூங்கவே நேரமில்லண்ணே. அயர்னுக்கு எங்க போறது?"

சிரிக்கிறீர்கள். துணைத்தலைவர் சிரிக்கவில்லை. "இது படமா, மெத்தையாங்க? நம்ம விதியில என்ன இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

விதியில் இருப்பது இதுதான்: ஓவியம் என்பது தட்டையான பரப்பில் அமைந்தது. நான் விதியை வளைக்க வரவில்லை, வாசிக்க வந்திருக்கிறேன். தட்டையாக இருக்க வேண்டியது எது? பலகையா, பலகைமேல் ஏறிய வண்ணமா? பலகையென்றால், அந்தச் செவிலியரின் பலகையும் தட்டையே. வண்ணமென்றால், இந்தக் கூடத்தில் எந்தப் படம் மிஞ்சும்?

நிறம் கண்ணோடு பேசும். பரப்பின் தன்மையோ தோலோடு பேசும். சொரசொரப்பைக் கண்டதும் விரல்நுனி விழித்துக்கொள்கிறதே, ஏன்? தொடாமலே தொட்டுவிடுகிறோம். வழுவழுப்பான தாளில் தூரிகையாலேயே கருங்கல்லின் கரடுமுரடைக் காட்டலாம். மணலையே அள்ளி அப்பியும் காட்டலாம். எதைச் சொல்ல எது வேண்டும் என்பதே கேள்வி. உறக்கமின்மைக்கு என்ன நிறம்? சிவப்பா? கருப்பா? இங்கே யாருக்கேனும் தெரியுமா? அதற்கு நிறமில்லை, ஐயா, சுருக்கம்தான் உண்டு. சுருக்கத்தை நீக்கினால் மிஞ்சுவது வெறும் பலகை.

மின்பணியாளர் அவர்களே, மேல்விளக்கை அணையுங்கள். டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். முதலில் தலைவரின் கடலுக்கு.

பார்த்தீர்களா? ஒவ்வோர் அலைக்கும் ஒரு நிழல். கத்தியால் அள்ளி அப்பிய வண்ணம். விரல் தடிமன் தேறும். இதைத் தட்டை என்பீர்களா, தலைவர் அவர்களே?

இனி அந்தப் படுக்கைக்கு. சுருக்கத்தைச் சுருக்கம் துரத்துகிறது, மடிப்பின்மேல் மடிப்பு ஏறுகிறது, நடுவிலோ ஆளில்லாத அமைதி. படம் அசையவில்லை, நாம்தான் நிலைகொள்ளாமல் நிற்கிறோம்.

தலைவர் ஏதோ சொல்கிறார். மைக் எட்டவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: "அதைக் கழட்டினா, என் கடலையும் அதே வேன்ல ஏத்துங்கப்பா."

துணைத்தலைவர் அவர்களே, தங்கள் பதில்?

"கடலை ஏத்தினா வேன் தாங்காதுங்க. ரெண்டும் இருக்கட்டும்."

முடிந்தது. ஓட்டுநர் அவர்களே, வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். தாய்மார்களே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணால் தடவிப் பாருங்கள்.

செவிலியரை மேடைக்கு அழைக்கத்தான் எண்ணினேன். ஆனால், விளக்கை அணைத்த சற்று நேரத்தில், அந்த ஓர நாற்காலியிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். மேல்விளக்கு இப்போது வேண்டாம். கைதட்டலும் வேண்டாம். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் பார்க்கப்போகும் அனைவருக்கும், தாழ்ந்த குரலில், என் நன்றி, வணக்கம்.