மாப்பிள்ளை கேட்ட காலிபர்

பூனாவில் எங்கள் கோர்படிப் பக்கம் குழாயில் தண்ணீர் காலை ஏழிலிருந்து எட்டு வரைதான் வரும், ஐயா. என் மகள் டானியா கீழே போய் நின்றால் கடைசிக் குடம் நிரம்பாமல் ஏறி வரமாட்டாள். நீங்கள் வந்ததும் நல்ல நேரம்தான். அந்த நாற்காலிக்குக் கால் ஆடும், இதில் உட்காருங்கள்.

அவளுக்குக் குன்னூரில் டீச்சர் வேலை பார்த்து வைத்திருக்கிறீர்களாம். போகமாட்டேன் என்று உங்களிடம் அழுதாளாம். புருஷன் செத்தது தன்னால்தான் என்று நம்பிக்கொண்டு இருக்கிறவளிடம், "உன்மேல் தப்பு இல்லை" என்று பெற்ற தகப்பன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள் இந்தச் சபைக்குப் போதகராக வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. விஷயம் முழுதும் தெரியாது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

ராணுவத்தில் இருபத்து நான்கு வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தேன். ரிட்டையர் ஆன பிறகு கேம்ப் கடைத்தெருவில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் அதே வேலை. தொண்ணூற்று நான்கில் என் மனைவி பிலிஸ் தவறிப்போனாள். டானியாவுக்கு அப்போது பதினாறு. அழுது முடித்த மூன்றாம் நாள் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றிலிருந்து இந்த வீடு அவள் கையில்தான் ஓடுகிறது. எனக்கு வெந்நீர் எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். ஷிபினுக்கு அவளைக் கொடுத்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று, இரண்டு பேரும் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது. அவனும் சரி என்றான். நல்ல பையன், ஐயா. பிறந்து வளர்ந்தது எல்லாம் பூனாதான், சாஃப்ட்வேர் வேலை. அவனைப் பற்றி இன்றைக்கும் ஒரு குறை சொல்லமாட்டேன்.

இரண்டாயிரத்து மூன்று ஆரம்பத்தில் அவனுடைய தாத்தாவின் ரைபிள் அவன் பெயருக்கு மாறி வந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய ராணுவ மௌசர். குழல் தேய்ந்துபோயிருந்தது, அதற்கான தோட்டாவும் இப்போது கிடைப்பதில்லை. குழலை மாற்றலாம். ஆனால் வெடிக்கும்போது தோட்டாவைப் பின்னால் அடைத்துப் பிடிக்கிற இரும்பு இருக்கிறதே, ஆக்‌ஷன் என்போம், அது பழையதுதான். அந்தக் காலத்துத் தோட்டாவின் வேகத்துக்குச் செய்தது. ஆகவே எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்பதை ஆசைப்பட்டுத் தீர்மானிக்க முடியாது, அந்த இரும்பு தாங்குமா என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முன்னூற்று மூன்று போடலாம் என்றால் அது ராணுவத்துக்கு மட்டும், நமக்கு லைசென்ஸ் தரமாட்டார்கள். முன்னூற்றுப் பதினைந்து நம் நாட்டிலேயே செய்கிறார்கள், சாதுவான தோட்டா. அதைத்தான் சொன்னேன். ஷிபினுக்குப் பிடிக்கவில்லை. அது விளிம்பு வைத்த தோட்டா, அந்த மௌசரில் ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் சுட வேண்டும்.

"பச்சோன் கா கேல், சின்னப் பசங்க விளையாட்டு மாதிரி இருக்கும் மாமா. தேர்ட்டி-ஓ-சிக்ஸ் போட்டா என்ன? எல்லாரும் அதான் பெஸ்ட்னு சொல்றாங்க."

"தாங்காது மாப்ளே. கிழவன் முதுகுல அரிசி மூட்டைய ஏத்துன மாதிரி ஆயிரும். சொல்லுதேம்லா, வேண்டாம்."

மூன்று மாதம் அடம்பிடித்தான். நானும் பிடி கொடுக்கவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும், ஐயா. மூன்று மாதம் அவன் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவனும் நான்தான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து மட்டன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டானியா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன்தான் சொன்னான்.

"மாமா, மெல்போர்ன் போஸ்டிங் பக்கா ஆயிடுச்சு. ஜூன்ல நானும் டானியாவும் கிளம்பணும்."

"எத்தனை வருசத்துக்கு?"

"பெர்மனென்ட்தான் மாமா. நீங்களும் பாத்மே, அப்புறமா வந்துடலாம்."

எனக்கு வந்தது பயம்தான், வேறென்ன. இந்த வயதில் தனியாக உலை வைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஒருநாள் குளியலறையில் விழுந்து கிடந்தால் யார் கதவைத் தட்டுவார்கள் என்ற பயம். டானியாவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன். பிறகு சொன்னேன்.

"அப்போ போறதுக்கு முன்னால அந்த ரைபிளை முடிச்சிருவோம் மாப்ளே. நீங்க கேட்ட தேர்ட்டி-ஓ-சிக்ஸே போட்டுருவோம்."

"ஸச்மே, நிஜமாவா மாமா? தாங்காதுன்னீங்களே?"

"யோசிச்சுப் பாத்தேன். தாங்கும்."

எழுந்து வந்து, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னைக் கட்டிக்கொண்டான்.

வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை, ஐயா. லைசென்ஸில் அளவை மாற்றி எழுத நானே அவனோடு போய் நின்றேன். குழலைப் பொருத்தி, வால்நட் கட்டையைத் தேய்த்து எண்ணெய் ஏற்றி, ஆறு வாரம். பார்த்தவர்கள் எல்லாரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் குழல் போட்ட ரைபிளை முதலில் யாரும் கையில் பிடித்துச் சுடமாட்டார்கள். லாரி டயரில் கட்டி, தள்ளிப்போய் நின்று, விசையைக் கயிறு போட்டு இழுப்போம். பத்துத் தோட்டா தாண்டிய பிறகுதான் உடையவனிடம் கொடுப்போம். அப்படிச் செய்யாமல் நான் கொடுத்தது இது ஒன்றுதான். இடுப்பு பிடித்துக்கொண்டது, நீங்களே போய்ச் சுட்டுப் பாருங்கள் என்றேன். ஆனால் எச்சரிக்காமல் விடவில்லை. ஒரு சீட்டு எழுதிப் பெட்டிக்குள் ரைபிளின் மேலேயே வைத்தேன். "முதல் பத்துத் தோட்டாவைக் கையில் பிடித்துச் சுடக்கூடாது. டயரில் கட்டிக் கயிற்றால் இழுக்கவும். உயிருக்கு ஆபத்து." தமிழில், குண்டு குண்டாக, தெளிவான எழுத்து. பெட்டியை மூடிக் கட்டி அவன் கையில் கொடுத்தேன்.

கடக்வாஸ்லாவுக்கு அப்பால் அவனுடைய மராத்தி நண்பனின் வயலில் வைத்துச் சுட்டான். சீட்டை எடுத்துப் பார்த்தானாம். சிரித்தானாம். "மாமாவோட ஆசீர்வாதம்" என்று ஹிந்தியில் சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டானாம். நண்பன் சொன்னான். அதில் ஆச்சரியம் இல்லை. ஒவ்வொரு புது வருஷமும் பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனத்தைத் தமிழில் இதே மாதிரிச் சீட்டில் எழுதி அவன் பர்ஸில் வைப்பது என் பழக்கம். மூன்றாவது தோட்டாவில் ஆக்‌ஷன் உடைந்து பின்னால் வந்தது. இரண்டு நாள் உயிர் இருந்தது. முகத்தை மூடித்தான் அடக்கம் செய்தோம்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், ரயில்வே காலனித் தமிழர் ஒருவரைக் கூட்டிவந்து சீட்டைப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்தார். இவ்வளவு பொறுப்பாக எழுதிக் கொடுத்தும் இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார்.

டானியாவும் படித்தாள். அவளுக்குத் தமிழ் நான் சொல்லிக்கொடுத்தது. "அன்னைக்கு மேசை மேலதானேப்பா பெட்டி இருந்தது. ஒரு தடவை தொறந்து பாத்திருந்தா நான் படிச்சுச் சொல்லியிருப்பேனே. அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியுமே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று வருஷமாக அதே பேச்சு. நான் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. என் தலையை மட்டும் தடவிக்கொடுத்து, "நீங்க மறந்து தமிழ்ல எழுதிட்டீங்க, உங்க மேல தப்பு இல்லப்பா" என்பாள். எனக்கே சமாதானம் சொல்கிற பிள்ளை.

நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. மறக்கவில்லை, ஐயா. கல்யாணத்தில் அவன் சொல்ல வேண்டிய உடன்படிக்கையை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். அவனுக்கு ஒரு வரியும் தமிழில் படிக்கத் தெரியாது என்று இதோ இந்தத் தரையில் உட்கார்ந்து இரண்டு நாள் பழக்கினேன். "மரணம் நம்மைப் பிரிக்கும்வரை" என்பதில் "மரணம்" என்ற சொல் அவன் வாயில் நுழையவே இல்லை. எம், ஏ, ஆர் என்று எழுத்துக்கூட்டி நுழைய வைத்தேன்.

"உன்மேல் தப்பு இல்லை" என்ற அந்த ஒரு வார்த்தையை இனி எப்படி அவளிடம் சொல்வது, சொல்லுங்கள். சொன்னால் அவளுக்கு அப்பாவும் இருக்கமாட்டார். நீங்கள் சொன்னாலும் அப்படித்தான். வேண்டுமானால் நீங்களே அவளைக் கேட்டுப் பாருங்கள், போகிறாயா என்று. அப்பாவை விட்டுப் போகமாட்டேன் என்பாள். வாசல் கதவு திறந்துதான் இருக்கிறது, ஐயா. நான் யாரையும் பிடித்து வைக்கவில்லை.