ஆயுத பூஜைக்குக் கணினியைத் துடைத்தது பற்றி

பெயர்: காந்திமதிநாதன், வயது 61
த/பெ: கோமதிநாயகம்
முகவரி: குத்துக்கல்வலசை, தென்காசி
தேதி: 4.10.2025

நான் மேற்படி முகவரியில் என் மனைவி மங்களேஸ்வரியுடன் குடியிருந்து வருகிறேன். தென்காசியில் குற்றாலம் சாலையில் பதினான்கு வருடங்களாகத் திருமணத் தகவல் மையம் நடத்தி வருகிறேன். என்னிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்த கடையநல்லூர் மெஹர் பானு, வயது 34, என்பவர் என் அலுவலகக் கணினியில் இருந்த ஜாதகப் பதிவுகளை வேண்டுமென்றே சிதைத்துவிட்டதாக நேற்று இந்த நிலையத்தில் புகார் கொடுத்தவன் நான்தான். இன்று விசாரணையில் உண்மை தெரிந்துவிட்டபடியால், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

மெஹர் பானு திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் வேலை கிடைத்து என்னிடமிருந்து விலகினார். வரும் 6ஆம் தேதி அவர் அங்கே சேர வேண்டும். சேரும்போது தன் மேல் வழக்கு ஏதும் இல்லை என்று காவல்துறைச் சான்று கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் புகார் கொடுத்தேன். அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடந்த 30.9.2025 செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் அலுவலகச் சாவியை ஒப்படைக்க வந்தார். கணினியில் தன் மின்னஞ்சலை மூடிவிட்டு வருவதாகச் சொல்லிப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு போய்விட்டார். மறுநாள் ஆயுத பூஜை என்பதால் நான் அன்று மாலை அலுவலகத்தைக் கழுவி, மேசை, பீரோ, கணினி எல்லாவற்றையும் துடைத்து, திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூஜையன்று எந்தப் பொருளையும் வேலைக்குத் தொடுவதில்லை. அதன் பிறகு 2ஆம் தேதி விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துக் கணினியைப் போட்டேன்.

ஜாதகம் தேடும் பக்கத்தில் ராசி, நட்சத்திரம் என்று எழுதியிருந்த பொத்தான்களில் வெறும் கட்டங்கள் இருந்தன. பெயர்கள் இருந்த இடத்தில் தலையும் காலும் இல்லாத ஆங்கில எழுத்துகள் இருந்தன. வாழ்நாள் முழுக்க ராசிக் கட்டம் பார்த்த எனக்கே இந்தக் கட்டங்கள் விளங்கவில்லை. கடைசியாகக் கணினியில் உட்கார்ந்தவர் மெஹர் பானு என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. எனக்குக் கோபம் வந்தால் யோசனை வருவதில்லை. மங்களேஸ்வரி, "ஒரு போன் போட்டு அந்தப் பிள்ளைட்ட கேளுங்களேன்" என்று சொன்னாள், நான் கேட்கவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு மெஹர் பானு தனியாக நிலையத்துக்கு வந்தார். என் கணினியும் கொண்டுவரப்பட்டிருந்தது. உதவி ஆய்வாளர் ஞானபாக்கியம் அம்மா விவரம் கேட்டதற்கு, அவர் தன் பக்கத்து நியாயம் எதையும் சொல்லாமல், கணினியைப் போட்டுக் காட்டும்படி மட்டும் கேட்டார். பார்த்துவிட்டு, "மேடம், நம்பரை எல்லாம் பாருங்க. பிறந்த தேதி, போன் நம்பர் ஒண்ணு கூட மாறல. கெடுக்கணும்னு வந்தவ இதை மட்டும் விட்டுட்டா போவா?" என்றார். நான் இரண்டு நாளாக அந்தத் திரையை முறைத்துப் பார்த்தவன், எனக்கு அந்த எண்கள் கண்ணில் படவே இல்லை. பழுது பார்க்கிறவர்கள் வந்ததும் எதையாவது கழற்றுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவர் எது கெடாமல் இருக்கிறது என்பதை முதலில் பார்த்தார்.

அதன் பிறகு திரையில் கட்டளை தட்டும் ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்து ஒரு வரி தட்டினார். அந்தக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும், தமிழ் ஃபாண்டுகளைச் சேர்த்து வைத்ததும் அவர்தான். இப்போது அதில் தமிழ் ஃபாண்டு ஒன்றுகூட இல்லை என்று காட்டினார். "பதிவு எதுவும் போகல மேடம். அதைத் தமிழாக் காட்டுத ஃபாண்டுதான் போயிருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, பூஜைக்கு இந்தப் பெட்டிய வெளிய மட்டுமா தொடச்சீங்க?" என்று கேட்டார்.

நான், "உள்ளயும்தான். என்னத்தையோ அமுக்கினேன், பேருக்கு முன்னால புள்ளி வச்சு நாலஞ்சு ஃபோல்டர் வந்துச்சு. வேண்டாத குப்பைன்னு தூத்துப் போட்டேன்" என்றேன். "குப்பைத்தொட்டியில கிடக்கும்லா?" என்றார். "அதையும் காலி பண்ணிட்டேன்" என்றேன். ஏட்டையா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மெஹர் பானு சிரிக்காமல், வழக்கமாக மறைந்திருக்கும் அந்தப் புள்ளி ஃபோல்டர்களில் ஒன்றில்தான் தமிழ் ஃபாண்டுகள் இருந்தன என்று அம்மாவிடம் சொன்னார்.

அதன் பிறகு அவர் இணையத்திலிருந்து ஒரு தமிழ் ஃபாண்டை இறக்கிப் போட்டார். பொத்தான்களில் தமிழ் வந்துவிட்டது, பெயர்கள் வரவில்லை. நான் அப்போதும் அடங்காமல், "பாத்தீங்களா மேடம், பேரு பூரா போச்சு" என்று சத்தம் போட்டேன். அவர், ஜாதகங்களை எல்லாம் பழைய வகை ஃபாண்டு ஒன்றில் தட்டியிருப்பதாகவும், அதே ஃபாண்டு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும் என்றும் அம்மாவிடம் விளக்கினார். நான் அழிக்காமல் விட்டிருந்த ஒரு ஃபோல்டரில் அந்த ஜாதக மென்பொருளின் அமைப்புக் கோப்பு இருந்தது. அதைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, அதில் 'தேனருவி' என்ற ஃபாண்டின் பெயரைக் கண்டுபிடித்தார். அது சுரண்டையில் அச்சகம் வைத்திருக்கும் மாடன் என்பவரிடம் நாங்கள் முன்பு வாங்கியது. அவருக்குப் போன் செய்ததும் மின்னஞ்சலில் அனுப்பி வைத்தார். அதைப் போட்டு, மென்பொருளை மூடித் திறந்ததும் பெயர்கள் வந்தன. முதலில் தெரிந்தது ஸ்வர்ணா, அஸ்த நட்சத்திரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலை அத்தோடு முடிந்தது என்று நான் எழுந்தேன். அவரோ, எழுத்துகளின் தலை வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்று சொல்லி, வரிசைகளின் உயரத்தைக் கூட்டி அதையும் சரி செய்தார். பதிவுகளை எண்ணிக் காட்டினார், 2,316 இருந்தன, ஒன்றும் குறையவில்லை. கடைசியில் அந்தப் புள்ளி வைத்த ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, "இனி இது உங்க கண்ணுல படாது அண்ணாச்சி, அடுத்த பூஜைக்குப் பயமில்ல" என்றார். தன்னைக் குற்றவாளி என்று எழுதிக் கொடுத்தவனுக்கு, அவன் கேட்காததையும் சேர்த்துச் செய்து கொடுக்கிற மனுஷியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒன்பது வருடம் எனக்கு எதிர் மேசையில் இருந்தவர் இவர்.

உதவி ஆய்வாளர் அம்மா, புகாரை வாபஸ் வாங்குவதாக இரண்டு வரி எழுதினால் போதும் என்றார். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. வாபஸ் என்று மட்டும் இருந்தால், ஏதோ நடந்து சமாதானமாகப் போயிருக்கிறார்கள் என்றுதான் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். எனவே ஃபாண்டுகளை அழித்தது நான், மெஹர் பானு எந்தத் தவறும் செய்யவில்லை, அவர் பேரில் நான் கொடுத்த புகார் பொய் என்று தெளிவாகப் பதிவு செய்யும்படியும், இதன் நகலை அவருடைய சான்று விண்ணப்பத்துடன் இன்றே வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இதைக் கணினியில் தட்ட வேண்டாம், பேனாவால் எழுதுங்கள் என்று நான் கேட்டதன் பேரில் கையால் எழுதப்பட்டது. மெஹர் பானுவின் பெயர் எந்த ஊரிலும் எந்தத் திரையிலும் கட்டமாகத் தெரியக் கூடாது. படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கோ. காந்திமதிநாதன்