ஏறுங்கம்மா, இடம் இருக்கு

டிவிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுத்துளையிலிருந்து விளிம்பு வரை நேராக, மெல்லிய பருத்தித் துணியால், அழுத்தாமல் துடைக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. ஊதி, சட்டை முனையில் தேய்த்துவிட்டு, படம் நின்றுபோகிறது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். அக்காவுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவளுக்கு நல்லதும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் கடைசியாகப் பார்த்த வேலை, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் படம் காட்டும் ஒரு கம்பெனியில். இரவு ஷிப்ட். உரிமம் முடிந்த படங்களை எடுத்துவிட வேண்டும். பெயரைத் தொட்டு 'நீக்கு' என்று அழுத்தினால் போதும். மறுநாள் புகார்கள் வரும். காசு கொடுத்துத்தானே வாங்கினேன், எங்கே என் படம் என்று கேட்பார்கள். நீங்கள் வாங்கியது படம் அல்ல, பார்ப்பதற்கான அனுமதி என்று பதில் எழுத ஒரு மாதிரிக் கடிதம் வைத்திருந்தோம். பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஒன்றரை வருஷம் பார்த்தேன். பிறகு ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்கா வீட்டுக்கு வந்தேன். அத்தான் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர்களுடைய ஒரே மகள் ரயிலில் ஒரு பகல் தூரத்தில் பெரிய நகரத்தில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அக்கா தனியாக இருந்தாள். நானும் தனியாக இருந்தேன். கணக்குச் சரியாக இருந்தது.

அத்தான் பஸ் டிரைவர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு படப்பிடிப்புக்கு அவருடைய பஸ்ஸை வாடகைக்கு எடுத்தார்கள். டிரைவராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த அத்தானையே பேசச் சொல்லிவிட்டார்கள். மழையில் பெட்டியோடு நிற்கும் கதாநாயகியைப் பார்த்துக் கதவைத் திறந்து, "ஏறுங்கம்மா, இடம் இருக்கு" என்பார். அவள் ஏறுவாள். கண்ணாடியில் அவளைப் பார்ப்பார், தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கொடுப்பார், பஸ் கிளம்பும். இரண்டு நிமிடம் பத்து விநாடி. குரல் அவருடையதே. படம் ஓடவில்லை. உதவி இயக்குநர் ஒருவர் வீடு தேடி வந்து, கம்ப்யூட்டரில் எழுதிய டிவிடி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே மார்க்கர் பேனாவால் 'டிரைவர் அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தது.

அத்தான் குரலில் மிஞ்சியது அது ஒன்றுதான். கல்யாண வீடியோவில்கூட அவர் வாயைத் திறக்கவில்லை. அக்கா தினமும் மாலை நான்கு மணிக்கு அதைப் போடுவாள். நேராக அந்தக் காட்சிக்குத் தாவுவாள். முழுப் படத்தை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"ஹீரோ யாருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எவனோ ஒருத்தன் பின் சீட்டுல தூங்கிட்டு இருப்பான். அவனா இருக்கும்" என்றாள்.

இடையில் அந்தப் படம் இணையத்தில் வந்தது. மகள் போன் செய்து, "அம்மா, அப்பா படம் வந்திருக்கு, இனி அந்தத் தட்டையும் பொட்டியையும் தூக்கிப் போடு" என்றாள். அக்கா என் லேப்டாப்பின் முன் வந்து உட்கார்ந்தாள். கதாநாயகி மழையில் நிற்கிறாள். அடுத்த காட்சியில் வேறு ஊரில் இறங்கி நடக்கிறாள். பஸ்ஸே இல்லை. நீளத்தைக் குறைத்திருக்கிறார்கள். 

"நடந்தே போயிட்டா போலிருக்கு" என்றாள் அக்கா. பிறகு டிவிடியை எடுத்துத் துடைத்து உறையில் வைத்தாள். அடுத்த மாதம் படமே அங்கே இல்லை. என்னைப் போல ஒருவன் அழுத்தியிருப்பான்.

அப்போது அவள் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "கையில இருந்தா யாரையும் கேக்க வேண்டாம்டா."

இந்த வருஷத் தொடக்கத்தில் படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் இதயத்தில் ஒரு வால்வு பழுது என்றார். ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும், இங்கே வசதி இல்லை, மகள் இருக்கும் ஊரில் செய்துகொள்ளலாம் என்றார். மகள் இரண்டே நாளில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டாள். கெட்டிக்காரி. தாயை நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்வதாக முடிவு. என்னிடமும் பேசினாள்.

"மாமா, நீங்களும் ஒரு வேலையைப் பாத்துக்கங்க. வீட்டை வாடகைக்கு விடணும். ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு."

"சரிம்மா" என்றேன்.

நான் செய்ததற்கு இதுதான் காரணம் என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அது காரணம் இல்லை. எனக்கு எங்கேயும் ஒரு பாய் போட இடம் கிடைக்கும். அக்கா அங்கே போனால் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். பதினான்காவது மாடி. பகல் முழுவதும் யாரும் இருக்கமாட்டார்கள். நான் அவளை நன்றாக அறிந்தவன்.

டிக்கெட் இரண்டு மாதம் கழித்துத்தான் என்றாலும் அவள் அப்போதே மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பிளேயரைச் சுற்ற ஒரு போர்வையை எடுத்து வைத்தாள். அப்போது உறைக்குள் டிவிடியின் ஓரத்தில் பொட்டாக ஏதோ வெள்ளையாக இருந்ததைப் பார்த்துவிட்டாள். தூசிதான். அவளுக்குப் பூஞ்சை என்று பட்டது.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு எல்லா வியாதிக்கும் வெயில்தான் மருந்து. தலையணை, கம்பளி, அலமாரிக் காகிதம், அத்தானின் பழைய காக்கிச் சட்டை, எதுவானாலும் ஜன்னல் விளிம்பில் காய வேண்டும். கிழக்குப் பார்த்த ஜன்னல். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை உள்ளே நேராக அடிக்கும்.

டிவிடியைக் கையில் ஏந்திக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள். "இதைக் கொஞ்சம் வெயில்ல வெக்கலாமாடா? கெட்டுப்போகாதே?"

இந்த இடத்தை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். கடைகளில் விற்கும் படத் தட்டுகள் அச்சில் வார்த்தவை. வெயில் அவற்றை அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது. கம்ப்யூட்டரில் எழுதும் தட்டு அப்படி அல்ல. அதில் படம் ஒரு சாயத்தில்தான் இருக்கிறது. வெயிலில் சாயம் வெளுக்கும், துணி வெளுப்பதைப் போல. எனக்கு இது தெரியும். என் கட்டிலுக்கு அடியில் முந்நூற்றுச் சொச்சம் தட்டுகள் இருக்கின்றன. என் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருக்கிறேன். அவள் கேட்டபோது அந்தத் துணிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வைக்கா" என்றேன்.

"எந்தப் பக்கம்டா மேல?"

"பளபளன்னு இருக்கற பக்கம்."

அன்றைக்கு மாலை, அவள் பார்த்து முடித்த பிறகு, டிவிடியை வாங்கி அந்தக் காட்சியை என் லேப்டாப்பில் பிரதி எடுத்துக்கொண்டேன். பாதுகாப்புக்குத்தான். கடவுச்சொல் போட்டேன். அது எல்லோரும் செய்வது.

தினமும் காலையில் ஊதா நிறத் துணி ஒன்றை ஜன்னலில் விரித்து, அதன் மேல் தட்டை வைப்பாள். காற்றில் நகராமல் இருக்க நடுத்துளையில் ஒரு பாட்டில் மூடியைச் செருகுவாள். பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பாள். அவ்வளவு அக்கறையாக ஒரு பொருளைக் கெடுத்தவரை நான் பார்த்ததில்லை. வெயிலில் இருக்கும்போது நான் அதைத் தொடவே இல்லை. அதை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஐந்தாவது வாரம் படத்தில் கட்டம் கட்டமாக விழுந்தது. ஆறாவது வாரம் அத்தான் வாயைத் திறந்ததோடு நின்றுபோனார். "ஏறு" என்று மட்டும் வந்தது. அக்கா எடுத்துத் துடைத்தாள், நடுவிலிருந்து விளிம்புக்கு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. மறுபடி போட்டாள். பூஞ்சைதான் முற்றிவிட்டது என்று நினைத்து, மறுநாள் சீக்கிரமே எழுந்து வெயிலில் வைத்தாள். ஏழாவது வாரம் 'டிஸ்க் இல்லை' என்று திரையில் எழுத்து வந்தது. உள்ளே டிஸ்க் இருந்தது.

"நான்தான் கெடுத்துட்டேன்" என்றாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை வருஷம் வெச்சிருந்து, கடைசியில நானே கெடுத்துட்டேன்டா."

அவளை அப்படி விட மனம் வரவில்லை. "எங்கிட்ட ஒரு காப்பி இருக்குக்கா" என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வீட்டில் எனக்கு அப்படி ஒரு மதிப்பு அதற்கு முன்னால் இருந்ததில்லை. இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அதன் பிறகு நான்கு மணிக்கு என் அறைக்கு வருவாள். வாசலிலேயே நிற்பாள். "வேலையா இருக்கியாடா?" என்பாள். எனக்கு என்ன வேலை. இருந்தாலும் ஐந்து நிமிடம் கழித்துத்தான் கூப்பிடுவேன். மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் காட்டுவேன். அவள் உடம்புக்காகத்தான். சில நாள் லேப்டாப் சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்பேன். மறுபேச்சு பேசாமல் போய்விடுவாள். புகார் எழுத அவளுக்கு முகவரியும் இல்லை.

மகள் போனில் கேட்டாள். "அதை எனக்கு அனுப்பிடுங்க மாமா."

"ஃபைல் பெருசு. போகாதும்மா."

"மாமா, ரெண்டு நிமிஷ வீடியோ. காது குத்தாதீங்க. பென் டிரைவ்ல போட்டு அம்மா கையில குடுங்க."

"சரிம்மா" என்றேன்.

அக்காவும் கேட்டாள். "அதைக் குடுத்தீன்னா நான் நிம்மதியா ரயில் ஏறிடுவேன்டா. அங்க போய்ப் பாத்துக்குவேன்." நான் பிடி கொடுக்கவில்லை. பென் டிரைவ் கெட்டுப்போகும், தொலைந்துபோகும், எதையும் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நீ, பார்த்தாய் அல்லவா என்றேன். அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு, "அதுவும் நெசந்தான்" என்றாள்.

முதல் டிக்கெட்டை அவளே ரத்து செய்யச் சொன்னாள். இரண்டாவதையும். டாக்டர் சொன்ன ஆறு மாதம் அப்படியே போனது. மகள் இரண்டு முறை நேரில் வந்து கூப்பிட்டாள், அழுதாள், சண்டை போட்டாள். "உன் தம்பி என்னம்மா உனக்கு மருந்து வெச்சுட்டாரா?" என்று என் காதுபடவே கேட்டாள். அக்கா என் அறைக் கதவைப் பார்த்தாள். "நாலு மணியாச்சா பாரு" என்றாள். காரணத்தை மகளிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் நான் கோபித்துக்கொள்வேன் என்று நினைத்திருக்கலாம். நான் கோபக்காரன் இல்லை.

கடைசி நாளைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்றாவது டிக்கெட் மறுநாளைக்கு. மூன்றரை மணிக்கே வந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நிறம் மாறியிருந்தது. கவனித்தேன்.

"இன்னைக்கு ரெண்டு தடவ போடுறியாடா?"

"நாளைக்குத்தான் போறியேக்கா" என்றேன். "அங்க போனா எப்படியும் இல்லாமதானே இருக்கணும். இப்பவே பழகிக்க."

கூடத்துக்குப் போய் மகளுக்குப் போன் செய்தாள். "இந்தத் தடவையும் வேண்டாம் கண்ணு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லிட்டேன்டா, கொண்டு வா" என்றாள்.

நான் எழுந்தேன். முதலில் டீ போட்டேன். குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனபோது மணி நான்கு பத்து. அவள் டிவியின் பக்கம் முகத்தைத் திருப்பியபடி இருந்தாள். கையைத் தொட்டுப் பார்த்தேன். புரிந்தது. இருந்தாலும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று மடியில் வைத்து ஒருமுறை ஓடவிட்டேன். அவள் கேட்ட மாதிரி இரண்டாவது முறையும். பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மகள் டிவிடியை எடுத்துக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒரு கீறல் இல்ல. வெயில்ல வறுத்திருக்காங்க" என்றாராம். அவள் வீட்டுக்கு வந்து அந்த ஊதாத் துணியை விரித்தாள். துணி முழுவதும் வெளுத்து, நடுவில் வட்டமாக மட்டும் பழைய நிறம் இருந்தது. பிறகு என் அறைக்கு வந்து, என் ஜன்னலின் கறுப்புத் துணியைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி என்று முன்பே சொன்னேன்.

ஆம், வை என்று சொன்னது நான்தான். எந்தப் பக்கம் என்று சொன்னதும் நான்தான். தட்டை, டிக்கெட்டை, ஆறு மாதத்தை. எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

லேப்டாப் உங்களிடம்தான் இருக்கிறது. கடவுச்சொல்லைத் தவறாகப் போட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். அதனால் உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள். நேற்று அக்கா மகள் ஸ்டேஷனுக்கு வெளியே நின்று, அப்பா குரலைக் கொடுங்கள் என்று கத்தியது எனக்கும் கேட்டது. கத்திக் கேட்டால் எப்படி. நான் அவளுக்கு எப்போது மாட்டேன் என்றேன். மாலை நான்கு மணிக்கு வந்து அமைதியாக உட்காரச் சொல்லுங்கள். ஒருமுறை காட்டுகிறேன். திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் நாளைக்கு வரட்டும்.