விரல் வழுக்கிய இடம்

ஆரப்பாளையத்தில் இருந்து வாடிப்பட்டி போகும் பஸ். முன் சீட்டில் கிடாரை மடியில் வைத்திருந்த நரைமுடிக்காரர் பக்கத்து நண்பரிடம், "என் தப்ப ஊரே மனப்பாடமா வச்சிருக்கு மாப்ள" என்றார். அதற்குமேல் நான் போனைப் பார்க்கவில்லை.

"என்ன தப்பு?"

"ஸ்டூடியோவுல அடுத்தவங்க பாட்டுக்கு வாசிச்ச காலத்துல, அந்தக் கரகாட்டப் பாட்டு நடுவுல விரல் வழுக்கிருச்சு. டைம் இல்லன்னு அப்படியே விட்டுட்டாய்ங்க. பாட்டு ஹிட்டு."

"ஹிட்டானது தெரியும்."

"நேத்துத்தேன் மொத தடவையா என் பேரப் போட்டு கச்சேரி. நானே பாடுறேன், நானே வாசிக்கிறேன். இம்புட்டு வருசம் கழிச்சு அந்த இடத்தச் சரியா வாசிச்சேன். முன்னால உக்காந்திருந்த ஒரு பொம்பள எந்திரிச்சு, 'அண்ணே, தப்பா வாசிக்கிறீங்க'ங்குது."

நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீ என்ன செஞ்ச?" என்றார்.

"பழையபடி வழுக்கவிட்டேன். கூட்டமே கை தட்டுச்சு. அப்பத்தேன் மைக்குல சொன்னேன், ரெக்கார்டுல வழுக்குனதும் இதே விரலுதேன்னு."

"அந்தப் பொம்பள?"

"மேடையேறி வந்து என் விரலத் தொட்டுப் பாத்துட்டுத்தேன் எறங்குச்சு."