ஊற்றுத் தண்ணீர் லாரி

தம்பி: ...மோந்துதான் பாரேன் அக்கா. மூக்கு இருக்குல்ல?

அக்கா: இருக்கு, இருக்கு. ஊர்த் தொட்டி மோட்டாரை நிறுத்திட்டு வரேன், இரு. ...என்னடா இது, பாட்டில்ல?

தம்பி: என் லாரித் தண்ணி. காலையில பள்ளிக்கூடத் தொட்டியில இறக்கினது.

அக்கா: அடேயப்பா! மலை ஊத்துத் தண்ணி! சும்மா தொடலாமா, இல்ல கையைக் கழுவிட்டு வரணுமா?

தம்பி: நக்கல் அப்புறம். மருந்து வாசனை வருதா, இல்லையா?

அக்கா: வருதே! ஆனா என் குழாய்த் தண்ணிக்குத்தானே அந்தப் பட்டம்? "ஆஸ்பத்திரித் தண்ணி"ன்னு பேர் வெச்ச புண்ணியவான் நீதானே?

தம்பி: வியாபாரம்னா நாலும் பேசுறதுதான்...

அக்கா: பேசு. சாயங்காலம் ஊர்க் கூட்டம். நீ பேசின பேச்சுலதான் குழாயை மூடிட்டு, உன் லாரியே போதும்னு முடிவு பண்ணப் போறாங்க. எனக்கும் இந்தச் சாவிக்கொத்துக்கும் ஓய்வு. காசு கொடுத்துக் குடம் வாங்க முடியாதவங்க காத்தைக் குடிச்சுக்கட்டும்.

தம்பி: நானா மூடச் சொன்னேன்? என் தண்ணியைக் குடிச்சு ஒரு வருஷமா ஒரு பிள்ளைக்கும் வயித்தால போகலை. ஜனங்க அதைப் பார்த்தாங்க.

அக்கா: அதானே. ஊத்தோட மகிமை.

தம்பி: ஆனா இந்த வாரமா ஆளாளுக்குப் பிடிக்கிறாங்க. "உன் தண்ணியும் நாறுதே"ன்னு. எனக்கு ஆகாதவன் எவனோ கலக்கி விடுறான். மருந்து விஷயம் உனக்குத்தான் தெரியும். யாருன்னு கண்டுபிடி.

அக்கா: உட்காரு முதல்ல. டீ போடவா?

தம்பி: சக்கரை இருக்கா? காலையில உன் வீட்டுல நான் வந்து உட்கார வேண்டியதுதான், சக்கரை தீர்ந்துடும். உடனே கடைக்கு ஓடுவே. எதிர்க் கடைக்குப் போயிட்டு, மலை ஏறினவ மாதிரி மூச்சு வாங்குவே.

அக்கா: ஒரு டம்ளருக்கு நாலு கரண்டி கேட்டா தீராம என்ன செய்யும்? ...இந்தா, இந்தச் சின்னக் குப்பியைப் பிடி. ஆட்டாதே.

தம்பி: என்ன பண்றே?

அக்கா: உன் தண்ணியில இந்தத் திரவம் ரெண்டு சொட்டு. குளோரின் இருந்தா மஞ்சளாகும்.

தம்பி: ஆகலைன்னா நல்ல தண்ணி, அப்படித்தானே?

அக்கா: கிழிஞ்சுது. ஆகலைன்னா காவல் இல்லைன்னு அர்த்தம்டா! குளோரின் ஒரு காவல்காரன். உள்ள இருக்கிற கிருமியை எல்லாம் அடிச்சுப் போடுவான். மிச்சம் தெம்பு இருந்தா வாசல்லயே நிப்பான், பின்னாடி எவனாவது குடத்துல அழுக்குக் கையை விட்டா பிடிக்கிறதுக்கு. அவன் பிடிக்கிற பீடி வாசனைதான் உங்களுக்கெல்லாம் ஆக மாட்டேங்குது. கொஞ்ச நேரம் குடத்தைத் திறந்து வெச்சா அதுவும் போயிடும். இதைச் சொன்னா எவன் காதுல...

தம்பி: அக்கா... மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சே ஆயிடுச்சு!

அக்கா: ம்...

தம்பி: என்ன ம்?

அக்கா: இவ்வளவு வரக்கூடாதே...

தம்பி: அதான் சொன்னேனே, எவனோ...

அக்கா: வாயை மூடு, யோசிக்கிறேன். ஊத்துத் தண்ணியில இலை, மண்ணு, சாணின்னு எல்லாம் கிடக்கும். அந்த அழுக்கு மருந்தைத் தின்னும். தின்னு முடிச்சா வாசனையே இருக்காது. இதுல என்னடான்னா, தின்ன ஆளில்லாம அப்படியே நிக்குது. அப்படின்னா... மருந்து போடுறதுக்கு முன்னாடியே இது சுத்தமான தண்ணி.

தம்பி: பார்த்தியா, என் ஊத்து அப்படி!

அக்கா: ஊத்துலேர்ந்துதான் எடுத்தியா?

தம்பி: பின்ன? ஆகாயத்துலேர்ந்தா?

அக்கா: இல்ல... இந்த வாரமா என் தொட்டி விடியறதுக்குள்ள பாதி இறங்கிக் கிடக்கு. பைப்புதான் எங்கேயோ உடைஞ்சிருக்குன்னு தெருத் தெருவா தரையில காதை வெச்சுக் கேட்டேன். எனக்குக் கிறுக்குன்னு சிரிச்சாங்க.

தம்பி: சரி அக்கா, நேரமாச்சு, நான் கிளம்புறேன்...

அக்கா: நில்லு. தொட்டியோட பின்பக்க வால்வு. தொட்டி கழுவ ஆள் இல்லாத அன்னைக்கு உன்கிட்ட ஒரு சாவி கொடுத்தேன். திருப்பி வாங்கினேனா?

தம்பி: மெதுவாப் பேசு... ஊத்துக்கு மேல ஒரு மாடு செத்துக் கிடக்கு அக்கா. உப்பிப் போயி. அதைப் பார்த்துட்டு எப்படி... என் பொண்ணும் அந்தப் பள்ளிக்கூடத்துலதானே குடிக்கிறா?

அக்கா: ஆஹா! அதனால ஆஸ்பத்திரித் தண்ணியைத் திருடி, ஊத்துத் தண்ணின்னு வித்தே.

தம்பி: திருட்டுன்னு சொல்லாதே. அக்கா வீட்டுப் பொருள்...

அக்கா: அந்தக் குழாயைத்தான் சாயங்காலம் மூடப் போறாங்க. மூடினா நாளைக்கு எதை ரொப்புவே? மாட்டுத் தண்ணியையா?

தம்பி: ஐயையோ... ஆமால்ல!

அக்கா: கூட்டத்துல எந்திரிச்சு நீயே சொல்லணும். என் லாரியில வர்றதும் குழாய்த் தண்ணிதான்னு.

தம்பி: சொல்றேன். சொல்லித் தொலைக்கிறேன். ஆனா ஒண்ணு இடிக்குதே. உன் குழாய்த் தண்ணி மஞ்சளாத்தானே ஆகும்? ஆரஞ்சு ஆகுற அளவுக்கு மேல்கொண்டு எவன் போட்டான்? லாரி ரொப்பினா வேற எங்கேயும் நிக்கிறதில்ல. நேரா உன் வீட்டு வாசல், ஒரு டீ, அப்புறம் பள்ளிக்கூடம்.

அக்கா: உன் லாரி ஏணியில ரெண்டாவது படி ஒரு வருஷமா ஆடுது, முதல்ல அதைச் சரி பண்ணு. அப்புறம்... எந்த வீட்டுலடா தினமும் காலையில சக்கரை தீரும்?